கண் காண்பதும் கை அறிவதும்

நுழையும்முன்

கண்காட்சிக்குச் செல்கிறோம். சுவரில் உள்ளவற்றை வரிசையாகப் பார்க்கிறோம். வெளியே வந்தபின் "நன்றாக இருந்தது" என்பதற்குமேல் சொல்ல நமக்குச் சொல் கிடைப்பதில்லை. குறை கண்ணிலா, கையிலா? சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய சாலையில் அமைந்துள்ள இரண்டு கலையிடங்களை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

கூடிக் காணுதல்

திருப்பரங்குன்றத்திற்கு வந்த மக்கள், அங்கே தீட்டப்பட்டிருந்த ஓவியங்களைக் கூடிநின்று கண்டதை நப்பண்ணனார் பரிபாடலின் 19ஆம் பாடலில் விரித்துரைக்கிறார். ஞாயிறு முதலியவற்றின் நிலையைக் காட்டும் ஓவியம் ஒருபுறம். காமனும் இரதியும் ஒருபுறம். இந்திரன், அகலிகை, கௌதமர் ஆகியோரின் கதை மற்றொருபுறம். கண்டவர்கள் வாளா நிற்கவில்லை. இவர் யார், அவர் யார் எனச் சிலர் வினவுகின்றனர். அறிந்தவர்கள் சுட்டிக்காட்டி விளக்குகின்றனர். ஓவியங்களைப் பொதுமக்கள் ஓரிடத்தில் கூடிக் கண்டு, தமக்குள் பேசிக்கொண்டதைக் காட்டும் மிகப் பழைய தமிழ்ப் பதிவுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

அம்மக்கள் எழுப்பிய வினாக்களை நோக்குங்கள். அவை 'யார்' என்பதைப் பற்றியவை. அவ்வண்ணம் எதனால் ஆனது, அக்கோடு எவ்வாறு இழுக்கப்பட்டது என்பன போன்ற வினாக்கள் அங்கு எழவில்லை. இன்றும் நம்மில் பெரும்பாலோர் கண்காட்சியில் கேட்பது 'இது என்ன?' என்றுதான். 'எப்படிச் செய்தார்கள்?' என்னும் வினா, தானும் ஒருமுறை செய்து பார்த்தவர்க்கே இயல்பாக எழும்.

தொடாதீர்கள்

கண்காட்சி என்பது பொருள்களைக் கொண்டுவந்து வைப்பதன்று, பார்வைக்கு வழியமைப்பதாகும். ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் அமையுமாறு தொங்கவிடுவது பொதுவான வழக்கம். நின்று காண்பவரின் கண்மட்டம் ஏறத்தாழ அதுவேயாகும். இரண்டு படைப்புகளுக்கிடையே வெற்றுச் சுவர் விடப்படுவதும் காரணம் பற்றியதே. ஒன்றைக் கண்ட கண், அடுத்ததைக் காணுமுன் ஓய்வுகொள்ள அவ்விடைவெளி வேண்டும்.

ஒளிக்கும் கணக்கு உண்டு. தாளில் வரைந்த ஓவியங்களையும் சாயமேற்றிய துணிகளையும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய ஒளியில் வைப்பதே பாதுகாப்பு. நடுப்பகல் வெயிலின் ஒளி ஓர் இலட்சம் லக்ஸ் வரை செல்லும் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், காட்சிக்கூடங்களின் சில அறைகள் ஏன் அத்துணை இருண்டு கிடக்கின்றன என்பது விளங்கும். ஒளியால் வெளுத்த சாயம் மீளாது. 'தொடாதீர்கள்' என்னும் அறிவிப்பும் வெறும் கண்டிப்பன்று. நம் விரலிலுள்ள எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் தாளைக் கறையாக்கும். செம்பு, வெண்கலம் போன்றவற்றின் மேற்பரப்பை அரிக்கும். ஒருவர் தொடுவதால் கேடில்லைபோல் தோன்றலாம். ஆயிரம் பேர் தொட்டால் என்னவாகும் என்பதைக் கோயில் தூண்களில் நம் கை எட்டும் உயரத்திலுள்ள சிற்பங்களின் மழுங்கிய முகங்களில் காணலாம்.

இவ்வாறு கண்காட்சி கையை விலக்கிவைக்கிறது, விலக்கத்தான் வேண்டும். ஆனால், கையை என்றென்றைக்கும் விலக்கிவைத்துவிட்டால் கண்ணும் மெல்லச் சோம்பிவிடுகிறது. அதனால்தான் நல்ல கலைமையங்கள் காட்சிக்கூடத்திற்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறையையும் வைக்கின்றன. பட்டறை என்பது கொல்லரும் தச்சரும் பணிசெய்யும் இடத்திற்கு நாம் வழங்கிவரும் சொல். ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் மட்டுமே உள்ள கூட்டங்களையும் இன்று பட்டறை என்றே அழைக்கிறோம். கையில் அழுக்குப் படாத இடத்தை அப்பெயரால் அழைப்பது பொருந்துமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கலைஞர்கள் எழுப்பிய ஊர்

1850இல் அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. கைத்தொழில்களைக் கற்பிப்பதில் தொடக்கம் முதலே அப்பள்ளி கருத்தூன்றியது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. சென்னைக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நெடுங்காலம் அதன் முதல்வராக இருந்தார். அவருக்குப்பின் 1957இல் அப்பொறுப்பை ஏற்றவர், கோயம்புத்தூரில் பிறந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் (1911 – 1977).

பணிக்கரை வருத்திய சிக்கல் எளிய சொற்களில் கூறத்தக்கது. ஆறாண்டுகள் ஓவியமும் சிற்பமும் பயின்று வெளியேறும் இளைஞர் எதைக்கொண்டு பிழைப்பார்? ஓவியங்களை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலர். திறமைமிக்க பலர் கிடைத்த வேலையில் சேர்ந்து தூரிகையைக் கைவிட்டனர். வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப வரைந்தால் வயிறு நிறையும். ஆனால், அது தம் ஓவியமாக இராது. தம் விருப்பப்படி வரைந்தால் ஓவியம் நிற்கும், அடுப்பு எரியாது.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கண்ட விடை, ஓவியர் பலர் தாழ்வாகக் கருதிய கைவினையில் இருந்தது. நாளின் ஒரு பகுதியில் விற்பனைக்குரிய கைவினைப் பொருள்களைச் செய்வது. அவ்வருவாயைக்கொண்டு எஞ்சிய நேரத்தில், எவருடைய விருப்பத்திற்கும் கட்டுப்படாமல் ஓவியமும் சிற்பமும் படைப்பது. இதற்கெனக் கைவினைக் கலைஞர் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகுச் சாயத் துணிகளையும் பிற பொருள்களையும் காட்சிக்கு வைத்து விற்றனர். அவ்வாறு சேர்ந்த பணத்தைக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல்நிலத்தை வாங்கினர். 1966இல் அங்கே சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானது. இன்றுள்ள அகன்ற கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. அங்கே குடியேறுவது நகர வாழ்வின் வசதிகளைத் துறப்பதாகவே இருந்திருக்கும்.

அரசோ செல்வரோ கட்டித்தந்த மாளிகையன்று அது என்பதே இங்குக் கருதத்தக்கது. தம் கையால் செய்தவற்றை விற்று, தாமே நிலம் வாங்கி, தாமே நிருவகித்துக்கொண்ட கலைஞர்களின் ஊர் அது. இன்று அங்குக் காட்சிக்கூடங்களும் திறந்தவெளிச் சிற்பத் தோட்டமும் உள்ளன. சென்னை ஓவிய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது.

மெழுகு கற்பித்த பாடம்

அவர்கள் செய்த கைவினைகளுள் முதன்மையானது 'பாத்திக்' எனப்படும் மெழுகுச் சாய முறை. அதன் அடிப்படை எளியது: மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. ஆயினும், செய்யத் தொடங்கியவுடன் அதன் அருமை தெரியும்.

முதலில் துணியைத் துவைத்துக் கஞ்சியை நீக்கவேண்டும். இல்லையேல் சாயம் ஒட்டாது. பின்னர் உருகிய மெழுகைத் தூரிகையால் தொட்டு வரையவேண்டும். மெழுகின் சூடு குறைந்திருந்தால் அது துணியின் மேலேயே தங்கிவிடும். சாயம் அடியில் புகுந்து கோட்டைக் கெடுக்கும். சூடு மிகுந்திருந்தால் மெழுகு கட்டின்றிப் பரவும். தீப்பற்றும் இடரும் உண்டு. அதனால்தான் மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்குகின்றனர். தூரிகையிலுள்ள மெழுகு ஓரிரு நொடிகளில் ஆறிவிடும். நின்று யோசித்துக் கோடு இழுக்க இங்கு இடமில்லை.

நிறங்களின் வரிசை இன்னும் கடினமானது. தாளில் வரைவோர் நினைத்த நிறத்தை நினைத்தபோது வைக்கலாம். இங்கோ வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்தை நோக்கியே செல்ல முடியும். வெண்மையாக நிற்கவேண்டிய இடங்களை முதலில் மெழுகால் மூடவேண்டும். துணியை மஞ்சள் சாயத்தில் அமிழ்த்தி உலர்த்தியபின், மஞ்சளாக நிற்கவேண்டிய இடங்களை மூடவேண்டும். அதன்பின் சிவப்பு, இறுதியில் கருமை. சாயநீர் குளிர்ந்தே இருத்தல் வேண்டும். சுடுநீரில் மெழுகு இளகிவிடும். முடிவில் துணியைக் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்கும்போதுதான் முழு வடிவமும் முதன்முறையாக வெளிப்படும். அதுவரை செய்தவரும் அதனைக் கண்டதில்லை.

பாத்திக் துணிகளில் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அவை வரையப்பட்டவை அல்ல. துணியைக் கசக்கும்போது மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் புகுந்ததன் தடங்கள் அவை. கனிம மெழுகு எளிதில் வெடிக்கும், தேன்மெழுகு வளைந்துகொடுக்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைக்கொண்டு, கோடுகள் மிகவேண்டுமா குறையவேண்டுமா என்பதைச் செய்பவர் முன்கூட்டியே முடிவுசெய்கிறார். ஒரு சிறு கைக்குட்டையையேனும் இம்முறையில் செய்துபார்த்தவர், அடுத்தமுறை காட்சிக்கூடத்தில் பாத்திக் ஓவியத்தின் முன் நிற்கும்போது 'அழகாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லி நகரமாட்டார். முதலில் மூடிய இடம் எது என்று அவர் கண் தேடும்.

வயிற்றுக்காகச் செய்த கைவினை அக்கலைஞர்களின் படைப்புகளுக்குள்ளும் நுழைந்தது. எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளைத் தகடுகளைக் கொண்டு உலோகச் சிற்பங்கள் படைத்தார். எஸ்.ஜி. வாசுதேவ் செப்புத் தகட்டில் புடைப்போவியங்கள் செய்தார். உலோகத்தைத் தட்டி வளைக்கும் கைத்தொழிலின் நுட்பம் இல்லாமல் இவை பிறந்திரா. கைவினை ஓவியருக்குச் சோறிட்டதோடு நிற்காமல் மொழியும் தந்தது எனலாம்.

தொடுங்கள்

அதே சாலையில் மேலும் தெற்கே சென்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா உள்ளது. 1984இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கைவினை அறக்கட்டளையின் முயற்சியால், டெபோரா தியாகராசன் அவர்களின் முன்னெடுப்பில், 1996 டிசம்பரில் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் வடிவமைப்பில், குறைந்த செலவில் எழிலார்ந்த வீடுகளைக் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் பங்கேற்றார். தென்னிந்தியாவின் பல பகுதிகளில் இடிபட இருந்த பழைய வீடுகளைப் பிரித்து, தூண், உத்தரம், கதவு எனப் பகுதி பகுதியாகக் கொண்டுவந்து அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்தின் புதுப்பள்ளியைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர் வீடு, கருநாடகத்தின் இல்கல் நெசவாளர் வீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்டவடிவ வீடு ஆகியவை அவற்றுட் சில. இங்கு வீடே காட்சிப்பொருள். அதற்குள் நுழைந்து திண்ணையில் அமரலாம்.

பனையோலைப் பொருள்கள், கூடை முடைதல் எனப் பலவற்றை இங்கு வருவோர் கைவினைஞரின் அருகிருந்து செய்து பார்க்கின்றனர். அவற்றுள் மாணவர்கள் மிகுதியாகச் சூழ்ந்து நிற்பது மண்பாண்டம் வனையும் இடத்தைத்தான்.

சக்கரத்தின் முன் முதன்முறையாக அமரும் ஒருவரைக் கவனியுங்கள். குயவர் வனைந்தபோது மண் தானாகவே எழுந்து வாய்விரித்தது போலிருந்தது. இவர் கை பட்டவுடன் அதே மண் ஒருபக்கமாகச் சாய்ந்து, துள்ளி, விரல்களைத் தள்ளுகிறது. மண்ணுருண்டை சக்கரத்தின் நட்டநடுவில் நில்லாதவரை வனைதல் தொடங்காது. நடுவில் நிறுத்துவதற்கு வேண்டுவது வலிமையன்று, அசையாமை. முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, கைகளை நிலைநிறுத்திக்கொண்டால் சுழலும் மண் தானே கைக்கு அடங்கும். புதியவர்கள் மண்ணைத் துரத்துகின்றனர். குயவர் மண் தம்மிடம் வரும்வரை கையை அசைப்பதில்லை. இதனை நூலில் படித்து அறியலாம். நீங்கள் இப்போது படித்தும்விட்டீர்கள். ஆயினும், நாளை சக்கரத்தின் முன் அமர்ந்தால் உங்கள் மண்ணும் துள்ளத்தான் செய்யும்.

சக்கரத்திலிருந்து இறங்குவதோடு பானை முடிவதில்லை. நம்மூர்க் குயவர்கள் சோற்றுப்பானையைப் பெரும்பாலும் அடிப்பகுதி திறந்த நிலையில் வனைந்து, நூலால் அறுத்தெடுத்துச் சற்றே உலரவிடுகின்றனர். பின்னர் உள்ளே ஒரு வழவழப்பான கல்லைத் தாங்கலாகப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகின்றனர். சக்கரத்தால் மட்டும் பெறமுடியாத மெல்லிய, உருண்ட அடி இவ்வாறு கிடைக்கிறது. அடி உருண்டிருப்பதால் அடுப்பின் வெப்பம் சீராகப் பரவுகிறது. மூலைகள் இல்லாமையால் விரிசல் குறைகிறது. மண்ணோடு மணலைக் கலப்பதும் காரணத்தோடுதான். சுடும்போது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற மணல் வழிவிடுகிறது. சூளையின் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசைக் கடக்கும்போது களிமண்ணோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் நீங்கிவிடும். அதன்பின் அது மீண்டும் குழைந்து மண்ணாகாது. 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள் கீழடியில் நமக்குக் கிடைத்திருப்பது இம்மாற்றத்தால்தான்.

பெயரும் விலையும்

கீழடி ஓடுகள் சிலவற்றில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை பானைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்களின் பெயர்கள் என்று கருதப்படுகிறது. வனைந்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சங்க இலக்கியம் குயவரை 'வேட்கோ' எனச் சிறப்பித்துச் சொன்னபோதிலும், அதுவும் தொழிலின் பெயரே.

இன்றைய காட்சிக்கூடங்களிலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. ஓவியத்தின் கீழுள்ள அட்டையில் ஓவியரின் பெயர், தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள் ஆகியவை இருக்கும். மண்பானைக்கோ கூடைக்கோ உரிய அட்டையில் பெரும்பாலும் ஊரின் பெயரும் நூற்றாண்டும் மட்டுமே இருக்கும். முன்னவர் கலைஞர், பின்னவர் கைவினைஞர். இருவர் கையும் ஒரே அளவு பழகியிருக்க, ஒருவருக்குப் பெயரும் மற்றவருக்கு ஊரும் எழுதப்படுவது ஏன்? செய்முறைப் பட்டறையில் இம்மறைவு இயல்பாக நீங்குகிறது. அங்கே வனைந்தவர் நம் எதிரில் அமர்ந்திருக்கிறார். அவர் பெயரைக் கேட்கலாம். யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார், தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வருவார்களா என்றும் கேட்கலாம். கடைசி வினாவுக்கு அவர் சொல்லும் விடை நமக்கு உவப்பாக இராமலும் போகலாம்.

அரைமணி நேரப் பயிற்சியால் எவரும் குயவராகிவிட மாட்டார். அவ்வாறு எவரும் உறுதியளித்தால் நம்பவேண்டா. இத்தகைய பட்டறைகள் பொழுதுபோக்காகவே முடிந்துவிடும் இடர் உண்டு. மண் அப்பிய கைகளோடு ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுச் செல்வோர் பலர். நின்று செய்து, தோற்று, மீண்டும் கேட்டவரிடத்தில் மட்டும் ஒரு மாற்றத்தைக் காணலாம். அது விலை பேசும்போது வெளிப்படும். மண்பானையைத் தட்டிப் பார்த்து, பாதி விலைக்குக் கேட்பது நம் சந்தைகளில் வழக்கம். பெருங்கடைகளில் விலையட்டையைக் கண்டு வாய்திறவாமல் பணத்தை எடுத்துத் தருபவரும், சாலையோரத்தில் பானை விற்பவரிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுவார். மண்ணைப் பிசைந்து, மிதித்து, கல் பொறுக்கி, வனைந்து, தட்டி, நிழலில் உலர்த்தி, சூளையிட்டு, உடைந்தவை போக எஞ்சியவற்றை மட்டும் விற்பவர் அவர் என்பதைத் தம் கையால் உணர்ந்த ஒருவருக்கு, பாதி விலை கேட்க நா எழுவது கடினம்.

சோழமண்டலத்தில் கூடியோர் விடைகண்ட சிக்கலும் இதுவே அன்றோ? செய்பவரின் நேரத்திற்கு உரிய விலையை யார் தருவது என்னும் வினா ஓவியருக்கும் உண்டு, குயவருக்கும் உண்டு. ஓவியர்கள் கூடி ஓர் ஊரையே எழுப்பிக்கொண்டனர். குயவருக்கு வாய்த்திருப்பது பெரும்பாலும் பொங்கலை ஒட்டிய சில நாள் விற்பனையும் கோடையில் தண்ணீர்ப்பானைக்குள்ள தேவையும்தான்.

பட்டறையில் மாணவர்கள் வனைந்த கலங்களுட் பல சூளைக்குச் செல்வதில்லை. வாய் கோணியவை, சுவர் சரிந்தவை, அடி தடித்தவை என மாலையில் அவை ஒரு பலகைமீது வரிசையாக நிற்கும். எல்லாரும் சென்றபின் குயவர் அவற்றின்மீது நீர் தெளித்து, ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து, ஈரச்சாக்கு இட்டு மூடிவைப்பார். மறுநாள் வரும் குழுவிற்கு அம்மண்ணே பயன்படும்.